பால்டிமோர் பாலமும் டாலி கப்பலும்: கேள்வி பதில்

2024 மார்ச் 26 அதிகாலை 1.29 மணி. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கிக் கிளம்பிய டாலி என்ற கன்டெய்னர் கப்பல், மின்சாரம் போய், ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் 17-ஆம் எண் தூணில் மோதியது. பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைக்கே தொடங்கிய யூகங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்.டி.எஸ்.பி., 2025 நவம்பரில் காரணத்தை அறிவித்துவிட்டது. கப்பல் எந்திரமும் மின்சாரமும் என் துறை, அதில் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமான பதில்தான்.

கேள்வி: வீடியோவில் விளக்கு அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது. அப்புறம் கப்பல் வலப்பக்கம் திரும்பி நேராகத் தூணுக்குப் போகிறது. யாரோ வேண்டுமென்றே திருப்பியது போலத்தானே இருக்கிறது?

பதில்: பரவிய வீடியோக்களில் பல, வேகம் கூட்டப்பட்டவை. உண்மையான நேரக்கணக்கில் பாருங்கள். 1.24:59-க்கு முதல் மின்தடை. அப்போது பாலம் சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில், கப்பல் கிட்டத்தட்ட 9 நாட் (மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர்) வேகத்தில். மோதல் 1.29:10-க்கு. நான்கு நிமிடத்துக்கு மேல் மெல்ல மெல்லத் திசை மாறிய கப்பலைத்தான் வீடியோவில் சட்டென்று திரும்பியதாகப் பார்க்கிறீர்கள்.

ஒரே புரொப்பெல்லர், ஒரே சுக்கான் உள்ள கப்பல் இது. புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான் மேல் பாய்வதால்தான் சுக்கானுக்குப் பிடிமானம். எந்திரம் நின்றால் அந்தப் பாய்ச்சல் போய்விடும். சுக்கான் பம்புக்கும் மின்சாரம் இல்லையென்றால், கப்பல் அந்த நொடியில் எந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்ததோ அந்தப் பக்கமே போகும். வீடியோவைப் பார்த்து நோக்கத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: நங்கூரம் போட்டிருந்தால் நின்றிருக்குமே? ஏன் போடவில்லை?

பதில்: போட்டார்கள். 1.27:04 வாக்கில் இடப்பக்க நங்கூரத்தை இறக்கும்படி பைலட் (துறைமுகப் பாதையில் கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் மாலுமி) உத்தரவிட்டார், இறக்கவும் செய்தார்கள். மோதலுக்கு இரண்டு நிமிடம் சொச்சம் இருந்தது. வேகத்தை 7 நாட் என்று வைத்தால் விநாடிக்கு 3.6 மீட்டர், ஆக மிச்சமிருந்தது சுமார் 450 மீட்டர்.

சரக்கோடு சேர்த்துக் கப்பலின் எடை சுமார் 1,12,000 டன். அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 700 மெகாஜூலுக்கு மேல். நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து 100 டன் இழுவை தருவதாகவும், அது முதல் விநாடியிலிருந்தே கிடைப்பதாகவும் தாராளமாக வைத்துக்கொண்டாலும், நிறுத்த 700 மீட்டருக்கு மேல் வேண்டும். நிஜத்தில் முதல் விநாடியில் இழுவை கிடைக்காது. முன்தளத்தில் ஆள் பிரேக்கைத் தளர்த்த வேண்டும், சங்கிலி ஓட வேண்டும், கொக்கி சேற்றில் பதிய வேண்டும். 7 நாட்டில் சங்கிலி பாயும்போது பிரேக் லைனிங் எரிந்து, பிடிக்காமலே போவதும் உண்டு. வழக்கமாக நங்கூரம் விடுவது கப்பல் ஏறக்குறைய நின்ற பிறகுதான்.

கேள்வி: மரைன் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன் சார். ஒரே ஒரு ஒயர் கழன்று 300 மீட்டர் கப்பல் நின்றது என்கிறார்கள். நம்பவே முடியவில்லை. எப்படி?

பதில்: நல்ல கேள்வி தம்பி. நிதானமாகப் படியுங்கள்.

டாலியில் ஜெனரேட்டர்கள் 6,600 வோல்ட் பஸ்ஸுக்கு (மின்சாரத்தைப் பல இடங்களுக்குப் பிரித்துத் தரும் பொது மின்பாதை) மின்சாரம் தருகின்றன. அங்கிருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 440 வோல்ட் பஸ்ஸுக்கு இறங்குகிறது. விளக்கு, சுக்கான் பம்பு, எந்திரத்தின் குளிர்நீர்ப் பம்பு எல்லாம் இந்த 440-இல்தான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் ஒரு பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), கீழ்ப்பக்கம் ஒரு பிரேக்கர். அன்று ஓடியது முதல் டிரான்ஸ்ஃபார்மர்.

அதன் மேல்பக்க பிரேக்கரில் அண்டர்வோல்டேஜ் ரிலீஸ் என்ற சின்ன காயில் (கம்பிச்சுருள்) இருக்கிறது. அதற்குக் கன்ட்ரோல் மின்சாரம் வரும்வரை பிரேக்கர் மூடியிருக்கும், வராவிட்டால் தானே திறந்துகொள்ளும். அந்தக் கன்ட்ரோல் சர்க்யூட்டில் இருந்த ஒரு சிக்னல் ஒயர்தான் தளர்ந்திருந்தது. ஒயரின் நுனியில் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழல், அதை ஒட்டி எண் போட்ட லேபிள் ஸ்லீவ். ஸ்லீவ் சரியான இடத்தில் இல்லாமல் ஃபெரூல் பக்கம் நகர்ந்திருந்ததால், ஃபெரூல் டெர்மினல் பிளாக்கின் (ஒயர்களைச் செருகும் கட்டையின்) ஸ்பிரிங் கிளாம்ப்புக்குள் முழுசாகப் போகவில்லை. கிளாம்ப் ஒயரைச் சரியாகக் கவ்வவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் உள்ளே இருப்பது போலவே தெரியும், இதுதான் இதில் மோசமான விஷயம். அதிர்வில் தொடர்பு விட்டது, காயிலுக்கு மின்சாரம் நின்றது, பிரேக்கர் திறந்தது, 440 வோல்ட் பஸ் முழுவதும் இருண்டது.

அடுத்து என்ன? குளிர்நீர்ப் பம்பு நின்றதும், பாதுகாப்புக்காக மெயின் எந்திரம் தானே நின்றது. எந்திரத்தைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. நடுக்கடலில் சரி, பாலத்துக்கு முன்னால் அதுவே புரொப்பெல்லரை நிறுத்திவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் சுவிட்ச் ஆட்டோவில் இருந்திருந்தால் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் சில விநாடிகளில் கைகொடுத்திருக்கும். அது மேனுவலில் இருந்தது. ஊழியர்கள் கையால் மின்சாரத்தைத் திருப்ப ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. திருப்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மின்தடை. பாலம் அப்போது சுமார் 300 மீட்டர் தூரம். அதற்குக் காரணம் வேறு: எரிபொருள் பம்பு.

கேள்வி: கலப்பட டீசல்தானே? கரும்புகை வந்ததே!

பதில்: இல்லை. எரிபொருள் மாதிரிகளைச் சோதித்தார்கள், தரத்தில் குறை இல்லை. நின்ற டீசல் எந்திரம் திரும்பக் கிளம்பி உடனே சுமை ஏறும்போது, காற்று போதாமல் கரும்புகை தள்ளும். புகையின் நிறம் வைத்து எண்ணெயின் தரம் சொல்ல முடியாது.

கேள்வி: சைபர் தாக்குதல் என்று ஒரு பெரிய சேனலிலேயே சொன்னார்களே ஐயா. கறுப்புப் பெட்டியிலும் ஒரு நிமிடப் பதிவு காணோமாம்!

பதில்: தாக்குதலுக்கான தடயம் எதுவும் இல்லை என்று முதல் நாளே அதிகாரிகள் சொன்னார்கள், பின்னர் வந்த விசாரணையிலும் எதுவும் இல்லை. காரணம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒயர்.

பதிவு விஷயத்துக்கு வருகிறேன், இது பலரைக் குழப்பியிருக்கிறது. கப்பலின் பயணப் பதிவுக்கருவிக்கு, அதாவது நீங்கள் சொல்லும் கறுப்புப் பெட்டிக்கு, மின்சாரம் போனால் அதன் பேட்டரி 2 மணி நேரம் தாங்கும். ஆனால் சர்வதேச விதிப்படி அந்த நேரத்தில் அது பதிய வேண்டியது பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் அறையில், நடக்கும் பேச்சை மட்டுமே. எந்திரம், சுக்கான், வேகம் போன்ற சென்சார் தகவல்கள் நின்றுவிடும். அதனால்தான் 1.24:59 முதல் சுமார் ஒரு நிமிடம் சென்சார் பதிவு இல்லை, பேச்சு மட்டும் இருக்கிறது. யாரும் எதையும் அழிக்கவில்லை.

கேள்வி: பேக்கப் ஜெனரேட்டர் இல்லாமலா இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுகிறார்கள்?

பதில்: இருக்கிறது. அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் சுமை ஏற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது மெயின் எந்திரத்தை ஓட்டாது. வழிவிளக்கு, ரேடியோ, தீயணைப்பு, ஒரு சுக்கான் பம்பு, இவ்வளவுதான். முழு மின்சாரத்தில் சுக்கான் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடியில் வர வேண்டும். அவசர ஏற்பாட்டில் 15-லிருந்து மறுபக்கம் 15 டிகிரிக்கு 60 விநாடி வரை அனுமதி. முன்பக்கம் இருக்கும் பௌ த்ரஸ்டருக்கு (கப்பலின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் புரொப்பெல்லர்) உயர் மின்னழுத்தம் வேண்டும், அவசர ஜெனரேட்டரால் அது ஓடாது. ஓடினாலும் 5 நாட்டுக்கு மேல் அதனால் பயன் மிகக் குறைவு.

கேள்வி: இரண்டு நங்கூரமும் போட்டிருந்தால்?

பதில்: மேலே கணக்கு இருக்கிறது. இழுவையை இரட்டிப்பாக்கி நீங்களே போட்டுப் பாருங்கள். நேரத்தையும் கழியுங்கள்.

கேள்வி: நான் ஒரு சீஃப் எஞ்சினியர். எரிபொருள் பம்பு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஃப்ளஷிங் பம்பை வைத்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொடுப்பதைப் பெரிய குற்றமாகப் பேசுகிறார்கள். அது ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லையே? மின்தடையே முதல் காரணம். அது வராமல் இருந்தால் பம்பைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

பதில்: சார், முதல் மின்தடைக்கு ஒயர்தான் காரணம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "ஓடிக்கொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை" என்பதை ஏற்க மாட்டேன். அன்று ஓடிய 3, 4-ஆம் ஜெனரேட்டர்களுக்கு வடிவமைப்பிலேயே தனி சப்ளை பம்பும் பூஸ்டர் பம்பும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாண்ட்பை (தயார்நிலையில் நிற்கும் மாற்றுப் பம்பு) உண்டு. ஒன்று நின்றால் மற்றது தானே கிளம்பும், மின்சாரம் போய் வந்தாலும் தானே கிளம்பும். ஃப்ளஷிங் பம்பு குழாயைக் கழுவ வைத்தது. ஒற்றைப் பம்பு, ஸ்டாண்ட்பை கிடையாது, மின்சாரம் திரும்பினாலும் யாராவது போய் பொத்தானை அழுத்த வேண்டும்.

440 போனதும் அந்தப் பம்பு நின்றது. ஜெனரேட்டர்கள் குழாயில் மிச்சமிருந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் ஓடி, எண்ணெய் இல்லாமல் தவித்து நின்றன. இரண்டாவது மின்தடை அதுதான். முதல் தடையிலிருந்து ஊழியர்கள் மீண்டு வந்த நேரத்தில், அந்த மீட்சியை இந்தப் பம்பு பறித்துக்கொண்டது.

சீஃப் எஞ்சினியர் மீண்டும்: இரண்டாவது தடை வராவிட்டாலும் கப்பல் மோதியிருக்கும். மெயின் எந்திரம் ஏற்கெனவே நின்றாயிற்றே. அதைத் திரும்பக் கிளப்ப நேரமே இல்லை.

பதில்: அந்த இடைவெளிக்குள் எந்திரத்தைத் திரும்பக் கிளப்பியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் விசாரணை வாரியமும் மூலக்காரணமாக ஒயரைச் சொன்னது, பம்பைச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. முந்தைய நாள் துறைமுகத்தில் கட்டியிருந்தபோதே இதே கப்பலில் இரண்டு மின்தடைகள் வந்தன. முதலாவது, பராமரிப்பின்போது ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகைப்போக்கி டாம்பரை (புகை வழியை அடைக்கும் தகட்டை) தவறி மூடியதால். இரண்டாவது, எண்ணெய் அழுத்தம் போதாததால். பத்து மணி நேரம் முன்னால் பலவீனம் தன்னைக் காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் அதே ஃப்ளஷிங் பம்பில்தான் புறப்பட்டார்கள்.

இன்னொரு வாசகர் (இரண்டாம் எஞ்சினியர்): நானும் சீஃப் பக்கம்தான். கம்பெனி ஆள் குறைப்பு, வேலை நெருக்கடி, அதில் இப்படிக் குறுக்குவழிகள் வரும். ஊழியனைக் குறை சொல்லாதீர்கள்.

பதில்: ஊழியரைக் குறை சொல்லவில்லை. டாலியின் சகோதரக் கப்பலான செசானிலும் இதே பழக்கம் இருந்ததை விசாரணையில் கண்டார்கள். இரண்டு கப்பலில் இருந்தால் அதைத் தனி ஆளின் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, மேற்பார்வை பார்க்க வேண்டியவர்களின் பொறுப்பு அது. கரையில் இருப்பவர் கப்பலுக்கு வந்து எந்தப் பம்பு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: தானே திரும்பக் கிளம்பாத பம்பை ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொடுக்க வைக்காதீர்கள்.

ஒரு சிவில் எஞ்சினியர்: நீங்கள் எல்லோரும் ஒயர், பம்பு என்று பேசுகிறீர்கள். கப்பல் என்றால் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். தூணுக்குப் பாதுகாப்பு எங்கே? என் பார்வையில் குற்றவாளி பாலம்தான்.

பதில்: குற்றவாளி என்ற சொல்லை நான் எடுக்க மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. 1977-இல் திறந்த பாலம். 1980-இல் புளூ நகோயா என்ற, 119 மீட்டர் நீளமுள்ள கப்பல் இதே பாலத்தின் தூணில் மோதியது. சின்னச் சேதத்தோடு போயிற்று. மொத்தப் பருமனில் டாலி அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதே 1980 மே 9-இல் ஃபுளோரிடாவில் சம்மிட் வென்ச்சர் கப்பல் மோதி சன்ஷைன் ஸ்கைவே பாலம் விழுந்து 35 பேர் இறந்தார்கள். அதன் பாடத்தில்தான் 1991-இல் கப்பல் மோதலுக்கான வடிவமைப்பு வழிகாட்டியை அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோ வெளியிட்டது.

அதன் சூத்திரம்: மோதல் விசை, மெகாநியூட்டனில், 0.12 × வேகம் (விநாடிக்கு மீட்டர்) × டெட்வெயிட் டன்னின் வர்க்கமூலம். டெட்வெயிட் என்பது கப்பல் அதிகபட்சம் சுமக்கக்கூடிய எடை. டாலிக்கு அது சுமார் 1,17,000, வர்க்கமூலம் 342. மோதிய வேகம் 6.5 நாட், அதாவது விநாடிக்கு 3.3 மீட்டர். விடை 135 மெகாநியூட்டனுக்கு மேல், ஏறக்குறைய 14,000 டன் எடைக்குச் சமம். அந்த மாதிரித் தூண் இதைத் தாங்காது. அப்படியானால் கப்பல் தூணை அடையாமலே தடுக்க வேண்டும். கீ பாலத்துக்கு இருந்தவை 25 அடி விட்டமுள்ள நான்கு டால்ஃபின் தடுப்புகள், அதாவது தூணுக்குத் தள்ளித் தண்ணீரில் தனியாக நிற்கும் தடுப்புத் தூண்கள். சாய்வாக வந்த கப்பல் அவற்றைத் தொடாமலே உள்ளே வந்துவிட்டது. டெலவேர் மெமோரியல் பாலத்துக்கு 80 அடி விட்டத்தில் எட்டு தடுப்புகள் போடும் வேலை 2023-இல் தொடங்கியது. புதிய சன்ஷைன் ஸ்கைவேக்கு 36 தடுப்புகள். வித்தியாசத்தைப் பாருங்கள்.

1991 வழிகாட்டி வந்த பிறகு பழைய பாலங்களுக்கும் ஆபத்துக் கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். மேரிலாந்தில் இந்தப் பாலத்துக்கு அது செய்யப்படவில்லை. விபத்துக்குப் பிறகு என்.டி.எஸ்.பி. போட்டுப் பார்த்தபோது, ஆபத்து, முக்கியப் பாலத்துக்கு ஏற்கத்தக்க அளவைப்போல ஏறக்குறைய 30 மடங்கு. மேலும் 19 மாநிலங்களில் 68 பாலங்களுக்கு இந்தக் கணக்கைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: சில விநாடிகளில் முழுப் பாலமும் சரிந்ததே. வெடிவைத்தது போலவே இல்லையா? பொறி பறந்ததும் தெரிகிறது.

பதில்: 366 மீட்டர் நடுப்பாட்டம் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) உள்ள தொடர் டிரஸ் பாலம், அதாவது முக்கோணமாகக் கோத்த இரும்புச் சட்டப் பாலம், அது. மூன்று பாட்டங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு தூண் போனால் அதன் இருபக்கமும் போகும், மூன்றாவதும் தாங்காது. ஒன்று போனால் அதன் சுமையை ஏற்க மாற்று வழி இல்லை. பொறிகள் அறுந்த மின்கம்பிகள். வெடி உண்மையிலேயே வைத்தார்கள், மே 13-இல், கப்பலின் முன்பக்கம் விழுந்து கிடந்த டிரஸ்ஸை அறுக்க. அந்த வீடியோவை மார்ச் மாதத்தோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி (கொழும்பிலிருந்து): அண்ணை, கப்பலில் ஆபத்தான சரக்கு இருந்ததாம், அது எங்கள் துறைமுகத்தில் கொட்டத்தான் வந்ததாம். உண்மையா?

பதில்: ஏற்றியிருந்த சுமார் 4,700 கன்டெய்னர்களில் 56-இல் ஆபத்தான சரக்கு, மொத்தம் 764 டன். அரிக்கும் திரவங்கள், எளிதில் தீப்பற்றுபவை, லித்தியம் அயன் பேட்டரி உள்ளிட்ட பொருட்கள். பெரிய கன்டெய்னர் கப்பல் எதிலும் இப்படிச் சரக்கு இருப்பது வழக்கம், அதற்கென்று அடுக்கும் விதியும் உண்டு. கொழும்பு பெரும்பாலும் சரக்கை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றும் துறைமுகம். அங்கே போகும் கப்பலில் இருப்பதெல்லாம் இலங்கையில் இறங்கும் என்று பொருள் இல்லை. 2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் நைட்ரிக் அமிலக் கசிவோடு வந்து உங்கள் கடலில் எரிந்து மூழ்கியதால் இந்தப் பயம் வருகிறது, அந்தப் பயம் நியாயமானதுதான். ஆபத்தான சரக்கின் பட்டியலைக் கப்பல் வருமுன் துறைமுகம் வாங்கிப் பார்ப்பதை வலியுறுத்துங்கள்.

கேள்வி: இந்திய ஊழியர்களுக்குத் திறமை இல்லை என்று கார்ட்டூன் போட்டார்களே.

பதில்: 20 இந்தியர், ஒரு இலங்கையர், இரண்டு அமெரிக்கப் பைலட்கள். கப்பலை ஓட்டும் உத்தரவு பைலட்களுடையது. மின்தடைக்குப் பிறகு பைலட்களும் ஊழியர்களும் தாமதமின்றிச் செயல்பட்டார்கள். பைலட்களின் எச்சரிக்கையால்தான் போலீஸ் பாலத்தில் வாகனங்களை நிறுத்தியது, உயிர்கள் தப்பின. மேலே வேலை செய்தவர்களுக்குத் தகவல் சொல்ல யாரிடமும் நேரடித் தொடர்பு இல்லை. போலீஸுக்குச் சொன்ன அதே நொடியில் அவர்களுக்கும் சொல்லியிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும். என்னை இந்த விபத்தில் மிகவும் வருத்துவது அந்த ஒன்றரை நிமிடம். கார்ட்டூன் போட்டவர்கள் அதைப் பற்றி வரைந்திருக்கலாம். ஊழியர்களோ அந்த வெடி வைத்தபோதும் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள், கைபேசிகளை விசாரணைக்குக் கொடுத்துவிட்டு.

கேள்வி: டக் இழுவைப் படகு கூட வந்திருந்தால்?

பதில்: இரண்டு டக் கப்பலைக் கரையிலிருந்து நகர்த்திவிட்டு, வழக்கப்படி கால்வாய் முகப்பில் திரும்பின. பாலம் வரை வர அங்கே கட்டாயம் இல்லை. கயிறு கட்டிய டக் பின்னால் வந்திருந்தால் வாய்ப்பு கூடும். கூப்பிட்டு வரவழைக்க நான்கு நிமிடம் போதாது.

கேள்வி: கப்பல்காரர் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள். சுருக்கமாக: 1851-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பை சுமார் 4.4 கோடி டாலரோடு நிறுத்தும்படி உரிமையாளரும் நிர்வாகக் கம்பெனியும் கேட்டார்கள். கோளாறு அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று நிரூபித்தால் அந்த வரம்பு உடையும், சீஃப் அவர்களே, பம்பு விவகாரம் இங்கேதான் கனக்கிறது. அமெரிக்க அரசின் மீட்புச் செலவுக்கு மட்டும் 2024 அக்டோபரில் சுமார் 10.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

கேள்வி: பாம்பன் பாலத்திலும் இப்படி மோதியதுண்டா?

பதில்: 2013 ஜனவரியில் ஒரு மிதவைக் கப்பல் பழைய ரயில் பாலத்தில் மோதித் தூண் சேதமானது. அளவில் டாலியோடு ஒப்பிட முடியாது.

கேள்வி: நங்கூரம்...

பதில்: மேலே.

கேள்வி: கப்பல் வேலைக்குச் சேர ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். இந்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டி.ஜி. ஷிப்பிங்கின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: நான் இ.டி.ஓ.வாக (கப்பலின் மின்சாரப் பிரிவு அதிகாரியாக) அடுத்த மாதம் ஒரு கன்டெய்னர் கப்பலில் ஏறுகிறேன். இதிலிருந்து முதல் வாரம் எதைச் சோதிக்கலாம் சார்?

பதில்: டிரான்ஸ்ஃபார்மர் பிரேக்கர்களின் கன்ட்ரோல் பேனலிலிருந்து தொடங்குங்கள். மின்சாரத்தை முறைப்படி துண்டித்து, பர்மிட் எழுதி, பூட்டுப் போட்ட பிறகே கையை வையுங்கள். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், கண்ணால் பார்த்தது போதாது. லேபிள் ஸ்லீவ் ஃபெரூலின் உலோகப் பகுதி மேல் ஏறியிருந்தால் பின்னுக்குத் தள்ளி, ஃபெரூலை முழுசாகச் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். பேனல் சுமையில் இருக்கும்போது தெர்மல் கேமராவால் ஒரு சுற்று எடுத்துப் படத்தைத் தேதியோடு வையுங்கள். தளர்ந்த முனை பெரும்பாலும் சூடாகத் தெரியும். ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் ஓடும் சிக்னல் ஒயர் சூடாகாமலும் இருக்கலாம், அதனால் இழுத்துப் பார்ப்பதை விடாதீர்கள்.

பிறகு டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா பாருங்கள். மேனுவலில் இருந்தால் ஏன் என்று சீஃபிடம் கேட்டு, பதிலைக் கையேற்புக் குறிப்பில் எழுதுங்கள். இரண்டாம் எஞ்சினியரோடு போய், ஓடும் ஜெனரேட்டருக்கு எண்ணெய் தருவது எந்தப் பம்பு, அதன் ஸ்டாண்ட்பை தானே கிளம்புகிறதா என்று நேரில் பாருங்கள். கேப்டன் அனுமதித்தால், திறந்த கடலில், சுற்றிலும் கப்பல் இல்லாத இடத்தில், மின்தடைப் பயிற்சி ஒன்று. அவசர ஜெனரேட்டர் சுமை ஏற்கும் விநாடிகளைக் கடிகாரம் வைத்து எண்ணுங்கள். 45-ஐத் தாண்டினால் துறைமுகத்துக்குள் நுழையும் முன் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.